செப்பும் வினாவும் ஸ்கூட்டரின் முன்பக்கமும்: மருமகளோடு பேசுதல் குறித்து ஓர் ஆய்வேடு

இந்த ஆய்வுக்குக் காரணமான நிகழ்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. தூரத்து உறவில் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். "சாப்பிட உக்காருங்க" என்றாள் தங்கை. "இப்பதான் ஒரு வீட்ல காப்பி குடிச்சோம்" என்றார் அவர். "நேரமாயிட்டு, பஸ்ஸு போயிரும்" என்றார் அந்த அம்மா. தங்கை மூன்று முறை சொன்ன பிறகு உட்கார்ந்து, ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அதே மேஜையில் எதிரே இருந்த தங்கை மகளிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது. "பசிக்கல. அப்பளம் மட்டும் தா" என்றாள். இத்தனை சுருக்கமான, முழுமையான, திருத்தம் எதுவும் தேவைப்படாத பதிலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்று மாலையே ஜங்ஷனில் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பிறகு இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் சேர்த்த தரவுகளே இந்த ஆய்வேட்டின் அடிப்படை. நோட்டின் நடுவே பதினாறு பக்கங்களில் வீடு, சூரியன், யானை ஆகியவை வண்ணப் பென்சிலால் வரையப்பட்டிருப்பதால் அந்தக் காலத்துத் தரவுகள் கிடைக்கவில்லை. இந்த இழப்புக்கு ஆய்வாளர் பொறுப்பல்லர்.

பெயர், உறவு, ஒப்புதல்

ஆய்வு நெறிப்படி உண்மைப் பெயரைச் சொல்லக் கூடாது. எனவே நோட்டில் முதலில் 'பொருள் அ' என்று குறித்துவைத்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் என்ன பொருளா?" என்றாள். வேறு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். யோசிக்காமல் "எல்சா" என்றாள். சினிமாவில் கை வைத்த இடமெல்லாம் பனியாக்கும் அந்த எல்சாவுக்கும், சித்திரை வெயிலில் கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு திரியும் திருநெல்வேலி டவுண் பெண்ணுக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. ஒப்புதல் தருபவரின் நிபந்தனை என்பதால் ஏற்கப்பட்டது. ஒப்புதலுக்கு விலை ஒரு பாக்கெட் ஜெம்ஸ், இரண்டு தவணைகளில்.

அடுத்து உறவு. தமிழில் தங்கை மகளும் மருமகள், மகனின் மனைவியும் மருமகள். சொற்பஞ்சத்தால் வந்ததல்ல இது. தங்கை மகளை மகனுக்குக் கட்டுவது வழக்கமாக இருந்த வீடுகளில் இரண்டு பேரும் ஒரே ஆள்தான். திராவிட உறவுமுறை பற்றி டிரவுட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1981இல் ஒரு தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார். நமக்கு வேண்டிய செய்தி சிறியது: தம்பி மகள் எனக்கு மகள், தங்கை மகள் எனக்கு மருமகள். ஆங்கிலம் இரண்டு பேரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவதால் ஆங்கிலேயர்களால் இந்த ஆய்வைச் செய்திருக்க முடியாது. தம்பி மகளுக்கு நான் பெரியப்பா. பெரியப்பா என்றால் "நல்லா படிக்கியா?" என்று கேட்க வேண்டும், பதிலை நம்பாமல் நோட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். தங்கை மகளுக்கு நான் மாமா. மடியில் உட்காரவைத்துக் காது குத்தி அழவிட்ட பழைய கணக்கைத் தவிர, அவள்மேல் எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

இதை மானிடவியலும் ஒப்புக்கொள்கிறது. ராட்கிளிஃப்-பிரவுன் 1924இல் தென்னாப்பிரிக்கத் தாய்மாமன் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பகுதியில் சில மக்களிடையே, மருமகன் தாய்மாமன் வீட்டுக்குப் போய் அவருக்கென்று வைத்திருக்கும் சாப்பாட்டைக் கேட்காமலே எடுத்துத் தின்னலாமாம். யாரும் கோபப்பட மாட்டார்களாம். 1940இல் கேலி உறவு என்றே தனியாக ஒரு கட்டுரையும் எழுதினார். ஒருவரை ஒருவர் சீண்ட உரிமையுண்டு, சீண்டப்பட்டவர் கோபித்துக்கொள்ள உரிமையில்லை என்பது அதன் சாரம். இதற்காக அவர் அத்தனை தூரம் போயிருக்க வேண்டாம். ஆணியில் மாட்டிய என் சட்டைப் பையிலிருந்து காணாமல் போன பத்து ரூபாய் நோட்டுகள் டவுணிலேயே சாட்சி சொல்லியிருக்கும்.

இதிலிருந்து இந்த ஆய்வின் முதல் விதி கிடைக்கிறது: ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரிடம் பிள்ளை பேசாது, பதில்தான் சொல்லும்.

முன்னோர்

தன் வீட்டுப் பிள்ளையை உற்றுப் பார்த்து நோட்டில் எழுதியவர்களில் பெரிய பெயர் டார்வின். மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த குறிப்புகளை, முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1877இல் 'மைண்ட்' இதழில் கட்டுரையாக வெளியிட்டார். தும்மல், அழுகை, கோபம், கூச்சம் எல்லாம் அதில் உண்டு. பிள்ளை பேசிப் பேசி அவரை மடக்கிய இடம் எதுவும் இல்லை. கட்டுரை வெளிவந்தபோது மகன் வளர்ந்த ஆள்; மறுப்பு எதுவும் தெரிவித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்காதது பின்னால் விளங்கும்.

பியாஜே ஜெனீவாவில் ஆறு வயதுப் பையன்கள் இருவர் ஒரு மாதம் பேசியதையெல்லாம் எழுதிவைத்து, 1923இல் ஒரு நூலாக்கினார். அவர்கள் பேச்சில் கிட்டத்தட்டப் பாதி யாரையும் நோக்கியதல்ல, தமக்குத் தாமே பேசிக்கொள்வது என்று முடிவு சொன்னார். என் தரவு இதை ஓரளவுக்கு உறுதிசெய்கிறது. எல்சா வண்ணாரப்பேட்டையில் தொடங்கிய கதையை ஈரடுக்குப் பாலம் வரை மூச்சு விடாமல் சொல்லுவாள். நான் இருப்பதே மறந்துவிட்டது போலத் தோன்றும். அப்படித் தோன்றி நான் கொஞ்சம் அசந்த நேரத்தில், "இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லு" என்பாள். பியாஜே அந்தக் குழந்தைகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் அவருடைய கணக்கு மாறியிருக்கும்.

நம்மவர்கள் பக்கம் வந்தால் பிள்ளைத்தமிழ் நிற்கிறது. ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பாடியதிலிருந்து, குமரகுருபரர் மதுரை மீனாட்சியைப் பாடியது, அதற்குப் பின் வந்தவை என்று எவ்வளவோ. மூன்றாம் மாதம் காப்புப் பருவத்தில் தொடங்கி, இருபத்தொன்றாம் மாதம் வரை பத்துப் பருவங்கள். ஆடு, கண்ணுறங்கு, கை கொட்டு, முத்தம் கொடு, நடந்து வா என்று புலவர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு பிள்ளையாவது வாய் திறந்து "மாட்டேன்" என்றதாகப் பாட்டு இல்லை. பிள்ளைக்குச் சரியாகப் பேச்சு வருவதற்குள் நூலை முடித்துக்கொள்வதில் இருக்கிறது புலவர்களின் சாமர்த்தியம்.

ஆனால் அம்புலிப் பருவத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதில் புலவர் நிலாவைக் குழந்தையோடு விளையாட வரச்சொல்லிக் கூப்பிடுகிறார். சாமம், பேதம், தானம், தண்டம் என்று நான்கு வழியிலும் நிலாவை மடக்கப் பார்க்கிறார். இந்த உத்தி எல்சாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது. ஆனித் தேரோட்டத்துக்குப் போன அன்று பஞ்சு மிட்டாய் வேண்டாம் என்று நான் சொன்னபோது பதிவான தரவு:

"எனக்கு ஒன்னத்தான் ரொம்பப் பிடிக்கும் மாமா." (சாமம். அன்று கூட வந்த மாமா நான் ஒருவன்தான் என்பது கவனிக்கத்தக்கது.)

"சித்தப்பான்னா கேக்காமலே வாங்கித் தந்துருப்பாரு." (பேதம்.)

"வாங்கித் தந்தா ஒனக்குக் கால்வாசி தாரேன்." (தானம்.)

"நீ டீக்கடைக்குப் பின்னால நின்னு சிகரெட் குடிச்சத அம்மாட்ட சொல்லிருவேன்." (தண்டம்.)

நிலா கடைசி வரை இறங்கி வந்ததில்லை. நான் இரண்டு பஞ்சு மிட்டாய் வாங்கினேன்.

கருவிகள்

வகைப்படுத்துவதற்கு மேல்நாட்டுக் கருவி எதையும் நான் தேடவில்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சைக்கு மறுநாளே மறந்த நன்னூல் போதுமானதாக இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் வினா ஆறு, விடை எட்டு என்று வகுத்துவைத்துவிட்டார். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இந்த ஆறில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்.

ஒன்று அறிவினா, கேட்பவருக்குப் பதில் முன்பே தெரியும். "பாப்பா பேரென்ன?", "இது என்ன கலர்?", "அப்பாவ பிடிக்குமா அம்மாவ பிடிக்குமா?" இன்னொன்று ஏவல் வினா; கேள்வி மாதிரி இருக்கும், உள்ளே கட்டளை. "பல்லு தேச்சியா?", "இன்னும் எழுதலியா?", "இப்படியா உக்காருவாங்க?" ஒரு தாய் காலை ஏழு மணிக்கும் எட்டே காலுக்கும் இடையில் கேட்கும் கேள்விகளை ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. அத்தனையும் ஏவல்.

விருந்தாளி ஒருவர் எல்சாவிடம், "நீ எந்தக் கிளாஸ் படிக்க?" என்று கேட்டார். "இப்பதான அம்மா சொன்னா? நீங்க கேக்கலியா?" என்றாள். அவருக்கு முகம் சுருங்கியது. தங்கைக்கு முகம் சிவந்தது. எனக்கு இரண்டாம் விதி கிடைத்தது: பதில் தெரிந்த கேள்வியைப் பிள்ளையிடம் கேட்காதே.

இந்த விதிப்படி நடப்பது சொல்வதைவிடக் கஷ்டம். ஒரு வாரம் பதில் தெரியாத கேள்விகளை மட்டுமே கேட்பது என்று உறுதி எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் எனக்குக் கேட்க ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள், "ஒங்க கிளாஸ்ல யாரு ரொம்ப மெதுவா சாப்பிடுவா?" என்று கேட்டேன். பெரிய அணைக்கட்டின் மதகு திறந்தது. மெதுவாகச் சாப்பிடும் பையன், அவன் டிபன் பாக்ஸில் தினமும் இருக்கும் எலுமிச்சைச் சாதம், அவனுக்கு அது பிடிக்காதது, அவன் அம்மாவிடம் அதைச் சொல்லாதது, சொல்லாததற்கு அவன் சொன்ன காரணம் ("அம்மாவுக்கு அது ஒண்ணுதான் சீக்கிரமா செய்ய வரும்") எல்லாம் வந்தன. அந்தப் பையனை நான் பார்த்ததே இல்லை. அவனுக்காக இன்றைக்கும் எலுமிச்சைச் சாதத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

விடைகள் எட்டு: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் நேரடியானவை. இது, மாட்டேன், ஆமாம். மற்ற ஐந்தும் சுற்றிவளைத்து வருபவை; குறிப்பாகப் பொருள் தருவதால் அவற்றையும் விடை என்றே ஏற்கலாம் என்பது இலக்கணம். கேள்விக்குக் கேள்வியையே பதிலாகத் தருவதும் செப்புதான், அதாவது பதில்தான் என்று தொல்காப்பியரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்த ஐந்தில் எனக்குத் தொழில்முறைத் தேர்ச்சி உண்டு. நான் ஓர் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மனு வாங்கும் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். "என் மனு என்னாச்சு சார்?" என்று ஒருவர் கேட்டால், "நாளைக்கு வாங்க" என்பேன், அது ஏவல். "ஆதார் நகல் வச்சிருந்தீங்களா?", வினா எதிர் வினாதல். "ரெண்டு நாளா சர்வர் படுத்துட்டு", உற்றது உரைத்தல். "அடுத்த வாரம் ஆடிட் வருது, அது முடியட்டும்", உறுவது கூறல். "உங்க மனு வரல, உங்க பக்கத்து வீட்டுக்காரர் மனு வந்திருக்கு", இனமொழி. இருபத்திரண்டு ஆண்டில் "தொலைஞ்சு போச்சு" என்று ஒரே ஒரு முறை நேர்விடை சொன்னேன். அதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

அதனால்தான் அந்த அப்பளம் என்னை அப்படி உலுக்கியது.

களம்

எல்சாவுக்குப் பாளையங்கோட்டையில் பாட்டு வகுப்பு. ஆறே காலுக்கு முடியும். என் அலுவலகமும் அந்தப் பக்கம்தான். ஐந்தே முக்காலுக்கு முடியும். தங்கை வீடு டவுணில். வாரத்தில் மூன்று நாள் அவளை ஸ்கூட்டரின் முன்பக்கம் நிறுத்திக்கொண்டு, வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம், ஆற்றுப்பாலம், ஜங்ஷன் வழியாகக் கொண்டுபோய்விடுவது என் வேலை. இரு கையாலும் கண்ணாடிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, தானே வண்டி ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு நிற்பாள்.

ஆய்வுக்கு இதைவிடச் சிறந்த களம் கிடையாது. காரணம், முகம் தெரியாது. எனக்கு அவள் உச்சந்தலையும் இரண்டு ரிப்பனும்தான் தெரியும். அவளுக்கு ரோடு மட்டும். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்டால் விசாரணை. இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு. திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆயும்போதும், அவித்த பனங்கிழங்கில் நார் உரிக்கும்போதும் ஊர்ப் பெண்கள் பேசாததையெல்லாம் பேசியது இதனால்தான் என்பது என் துணிபு. கைக்கு வேலை, கண்ணுக்கு வேறு இடம்.

தரவுகள்

பிள்ளைகள் பொய் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். எல்சா தாராளமாகப் பொய் சொல்வாள். கண்டுபிடிப்பதற்கு எளிய கருவி ஒன்றும் அவளே கொடுத்திருக்கிறாள்.

அவள் என்னை 'நீ' என்பாள். தங்கை இதற்காக அவளைக் கண்டித்திருக்கிறாள். "மாமாவ நீங்கன்னு சொல்லணும்." அதற்கு அவள் சொன்ன பதில்: "நீங்கன்னு சொன்னா எனக்குப் பேச்சு வர மாட்டேங்கு." மொழியியலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள் கடலை மிட்டாய் டப்பா காலியாக இருந்தது. யார் எடுத்தது என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது மாமா. நீங்க வேணும்னா எறும்பு இருக்கான்னு பாருங்க" என்றாள். மரியாதை வந்தவுடன் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நோட்டில் உள்ள தெளிவான பொய்கள் பதினான்கு. பன்னிரண்டில் 'நீங்க' இருக்கிறது.

ஆக, அவள் பேச்சின் ருசி உண்மையில் இல்லை. உண்மை சொன்னால் என் மனம் புண்படுமோ என்ற கவலையும் இல்லை, புண்படட்டும் என்ற ஆசையும் இல்லை, ருசி அங்கேதான். பெரியவர்கள் நமக்கு ஒன்று சொல்லும்போது பாதிச் சொல் செய்திக்கு, மீதிச் சொல் நம் முகத்துக்கு. அவள் என் முகத்துக்கு எதுவும் ஒதுக்குவதில்லை. ஒரு புதுமனை புகுவிழாவில், பத்துப் பேர் நடுவில் நடந்தது:

"மாமா, ஒன் மூக்குலேர்ந்து முடி வந்துருக்கு."

"வயசாச்சுன்னா அப்படித்தான் வளரும்."

"தலையில வளர மாட்டேங்கு, மூக்குல மட்டும் வளருதா?"

"ஆமா."

"அப்போ அது வழி தெரியாம போயிட்டு."

பத்துப் பேரும் அந்த முடியைப் பல மாதமாகப் பார்த்தவர்கள்தான். சின்னக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கு என்று எவரும் சொன்னதில்லை. இவள் அன்று சொல்லி, மறுநாள் வாங்கினேன்.

பாலத்தில் கிடைத்த தரவு ஒன்று. திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியும், தாமிரபரணியின் குறுக்கே உள்ள அந்தப் பாலத்துக்குச் சுலோச்சன முதலியார் பாலம் என்று பெயர். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர், தன் சொந்தப் பணத்தைப் போட்டார், 1843இல் திறந்தார்கள்.

"இந்தப் பாலம் யாரு கட்டுனா?"

"சுலோச்சன முதலியார்."

"அவரு கொத்தனாரா?"

"இல்ல. ஆபீஸ்ல வேல பாத்தவரு. என்னைய மாதிரி."

"அப்போ நீ ஏன் பாலம் கட்டல?"

இது ஐய வினாவா, அறியா வினாவா, ஏவல் வினாவா என்று இன்றுவரை என்னால் வகைப்படுத்த முடியவில்லை. "எங்கிட்ட காசு இல்ல" என்றேன். "காசு இருந்தா கட்டுவியா?" என்றாள். இந்தக் கேள்வியை இதற்கு முன் என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஜங்ஷன் சிக்னல் வரை யோசித்துப் பார்த்துவிட்டு, "கட்ட மாட்டேன். வீடுதான் கட்டுவேன்" என்றேன். "நானும் வீடுதான் கட்டுவேன்" என்றாள், ஆறுதலாக.

இங்கே ஆய்வாளர் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பதிவுசெய்யப் போனது அவள் விடைகளை. நோட்டைத் திருப்பிப் பார்த்தால் பாதிப் பக்கங்களுக்கு மேல் கேள்வி அவளுடையது, விடை என்னுடையது. அதுவும் மனு மேஜையில் வாய்க்கு வராத நேர்விடை. ஆம், இல்லை, தெரியாது, பயமாக இருந்தது, பொறாமைதான். இவையெல்லாம் என் குரலில் கேட்க எனக்கே புதிதாக இருந்தது.

அதே பாலம். ஒரு மார்கழி. இருட்டிவிட்டது. ஆற்றுப் பக்கமிருந்து ஊதல் காற்று.

"மாமா."

"ம்."

"தாத்தா செத்தப்ப நீ அழுதியா?"

அப்பா இறந்து அப்போது மூன்று ஆண்டு ஆகியிருந்தது. பதினாறு நாளும் வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை வயது, சுகர் இருந்ததா, கடைசியில் என்ன சாப்பிட்டார், காரியம் என்றைக்கு என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. என் வாயில் முதலில் வந்தது ஓர் இனமொழி: "தாத்தா ரொம்ப நல்லவரு." அதை விழுங்கினேன்.

"அழுதேன். ஆனா அன்னைக்கு இல்ல."

"பெறவு எப்ப?"

"ஆறு மாசம் கழிச்சு. செருப்புக் கடையில."

"செருப்புக் கடையிலயா?"

"கடக்காரரு என்ன சைஸுன்னு கேட்டாரு. எட்டுன்னு சொல்லிட்டேன். எட்டு தாத்தா சைஸு. அவருக்கு எப்பவும் நான்தான் வாங்கிட்டுப் போவேன்."

ஒரு டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

"ஒன் சைஸு என்ன?"

"ஒம்போது."

"அப்போ நீ தாத்தாவ விடப் பெரிய ஆளு."

"காலு மட்டும்."

"எட்ட வாங்குனியா?"

"வாங்கிட்டேன்."

"யாரு போட்டா?"

"யாரும் போடல. பரண்ல கெடக்கு."

"நான் பெருசானப் பெறவு போட்டுக்கிடுதேன்."

அன்றைய பக்கத்தில் உரையாடல் மட்டும் இருக்கிறது. வகைப்பாடு எழுதப்படவில்லை.

இடர்ப்பாடு

எந்தக் கள ஆய்வுக்கும் ஒரு முடிவு உண்டு. இந்த ஆய்வுக்கு முடிவு வந்தது ஆய்வுக்கு உட்பட்டவரின் முழங்கால் எலும்பிலிருந்து. மூன்றாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்தில் ஒரு நாள், வண்டியைக் கிளப்பியதும் எனக்கு ரோடு தெரியவில்லை. ரிப்பன்தான் தெரிந்தது. கழுத்தை இடப்பக்கம் சாய்த்து வண்ணாரப்பேட்டை வரை ஓட்டினேன். பிறகு ஓரமாக நிறுத்தி, பின்னால் ஏறச் சொன்னேன். ஹெல்மெட்டும் வாங்கியாயிற்று. ஊதா நிறம்.

பின்சீட்டிலிருந்து வரும் பேச்சு வேறு மாதிரி. இரண்டு ஹெல்மெட், நடுவில் காற்று. அவள் ஏதோ கேட்பாள். நான் "என்ன?" என்பேன். மறுபடியும் கேட்பாள். "கேக்கல, சத்தமா சொல்லு" என்பேன். "ஒண்ணுமில்ல" என்பாள்.

இந்த 'ஒண்ணுமில்ல' என்ற விடை என் நோட்டில் அதற்கு முன் ஓரிடத்திலும் கிடையாது. ஜூன் முதல் டிசம்பர் வரை நாற்பத்தொரு முறை பதிவாகியிருக்கிறது. அதே காலத்தில் இனமொழியும் தலைகாட்டியது. "ஹோம்வொர்க் முடிச்சாச்சா?" என்றால் "டிராயிங் முடிச்சிட்டேன்." பொய் எதுவும் இல்லாத வாக்கியங்களிலும் 'நீங்க' வர ஆரம்பித்தது. தங்கைக்குச் சந்தோஷம். "இப்பதான் புள்ளைக்கு மரியாத தெரியுது" என்றாள்.

அவள் வளர்ந்துவிட்டதால் சொல்லவில்லையா, ஹெல்மெட்டால் எனக்குக் கேட்கவில்லையா என்பதை இந்தத் தரவுகளைக் கொண்டு தீர்மானிக்க இயலவில்லை. மேலாய்வு தேவை. தற்காலிக ஏற்பாடாக, பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஐந்து நிமிடம் சும்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பக்கத்தில் சுண்டல் விற்பவர் எங்களுக்கு என்ன பிரச்சினை என்று ஒரு நாள் விசாரித்தார். ஆய்வு என்றேன்.

வாய்மொழித் தேர்வு

ஆய்வேட்டை முடித்து, தைப் பொங்கல் கழிந்த ஒரு மாலையில் தங்கை வீட்டுத் திண்ணையில் வைத்து வாசித்துக் காட்டினேன். நடுவில் ஒரு முறம் பனங்கிழங்கு. தங்கை உள்ளேயிருந்து, "இத எழுதி என்ன பட்டம் வாங்கப் போறீய அண்ணே?" என்று கேட்டாள். புறத்தேர்வாளர் என்னைப் பார்க்காமல் நார் உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். சிகரெட் வரும் இடத்தில் உள்ளே ஒரு பாத்திரம் டணாரென்று வைக்கப்பட்டது.

முடிந்ததும், கிழங்கை இரண்டாகப் பிளந்து குருத்தைத் தனியாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நான் பேசுனதுதான் நெறைய இருக்கு. நீ என்ன எழுதுன?" என்றாள்.

"நடுவுல உள்ளது."

"நடுவுல உள்ளது கொஞ்சம் போர்."

"மார்க் எத்தன?"

"பத்துக்கு ஏழு."

"மூணு எதுக்குக் கொறச்ச?"

"நான் அன்னைக்கு அப்பளம் கேக்கல. கூழ்வத்தல் கேட்டேன். அப்பளம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

"அதுக்கு ஒரு மார்க். மிச்சம் ரெண்டு?"

நோட்டை வாங்கி, நடுப்பக்கங்களைத் திருப்பி, ஒரு படத்தின் மேல் விரலை வைத்தாள். விரலில் ஒட்டியிருந்த நார் அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

பிழை திருத்தம்

முதல் பத்தியிலும் 'கருவிகள்' பகுதியிலும் 'அப்பளம்' என்றிருப்பதைக் 'கூழ்வத்தல்' என்று திருத்தி வாசிக்கவும்.

இரண்டாம் பத்தியில் 'யானை' என்றிருப்பதை 'ஆய்வாளர்' என்று திருத்தி வாசிக்கவும்.